சப்வூஃபர் சரியாகக் கேட்கவில்லையா? அறிகுறியைப் பார்த்து இடத்தையும் உயரத்தையும் சரிசெய்யும் வழி

பேஸ் (பாட்டின் கனத்த அடி ஒலி) சரியில்லை, வேறு சப்வூஃபர் (அந்த ஒலிக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கர் பெட்டி) வாங்கலாமா என்று கேட்பவர்களின் வீட்டில் போய்ப் பார்த்தால், பெட்டியில் பெரும்பாலும் எந்தக் குறையும் இருக்காது. டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்கே இடம் கிடைத்ததோ அங்கே அதை வைத்திருப்பார்கள். சோஃபா எதிர்ச்சுவரோடு ஒட்டிக் கிடக்கும். நம் வீடுகளின் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் கனத்த ஒலியை உறிஞ்சுவதே இல்லை, அப்படியே திருப்பி அனுப்பும். அதனால் ஒரே பெட்டி அறையின் ஒரு மூலையில் அதிரும், இரண்டடி தள்ளி வைத்தால் அடங்கிப்போகும். பணத்தைச் செலவழிக்கும் முன் பெட்டியையும் இருக்கையையும் நகர்த்திப் பாருங்கள். கீழே உள்ளவற்றில் உங்கள் அறிகுறி எதுவோ அதற்கு நேராகப் போகலாம்.

தொடங்கும் முன்

ஆம்ப்ளிஃபயரிலும் டிவியிலும் போனிலும் பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர் போன்றவை இருந்தால் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். மூன்று இடத்தில் மூன்று விதமாகத் திருகி வைத்திருந்தால் எதனால் என்ன ஆனது என்றே பிடிபடாது. போனில் டோன் ஜெனரேட்டர் (ஒரே ஒலியை எழுப்பும்) செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசமாகவே கிடைக்கும். 30 ஹெர்ட்ஸிலிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை (எண் குறையக் குறைய ஒலி கனக்கும்) அதில் மெல்ல நகர்த்திக் கேட்க வேண்டியிருக்கும். சத்தம் குறைவாகவே இருக்கட்டும். ஒரே ஒலியைப் பெருஞ்சத்தத்தில் நீண்ட நேரம் ஓடவிட்டால் ஊஃபருக்குள் (பெட்டியில் ஒலி எழுப்பும் கூம்பு) இருக்கும் ‘காயில்’ எனும் கம்பிச்சுருள் கருகிவிடும்.

இன்ச் டேப்பால் அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடிக்கணக்கில் அளந்து, 570ஐ ஒவ்வொன்றாலும் வகுத்து எழுதி வையுங்கள். 10 அடிக்கு 57 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 47 அல்லது 48, 14 அடிக்கு 41, 16 அடிக்கு 36 வரும். உங்கள் அறை முரண்டு பிடிக்கும் முதல் எண்கள் இவை: அந்த ஒலி சில இடத்தில் வீங்கும், சில இடத்தில் காணாமல் போகும். கீழே பல இடங்களில் இந்தத் தாள் தேவைப்படும்.

அறிகுறி 1: சோஃபாவில் பேஸே இல்லை, எழுந்து மூலைக்குப் போனால் அதிர்கிறது

*இருக்கை நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறதா?* அறையின் நீளத்தில் சரிபாதியில் உட்கார்ந்தால், தாளில் நீளத்துக்கு எழுதிய அந்த ஒலி காதுக்கு வந்து சேராது. 14 அடி ஹாலில் 7 அடியில் நாற்காலி போட்டால் 41 ஹெர்ட்ஸ் காணாமல் போகும். வால்யூமை எவ்வளவு ஏற்றினாலும் திரும்பி வராது, பக்கத்து அறைக்காரர்தான் அதைக் கேட்பார். நாற்காலியை ஒன்றரை அடி முன்னோ பின்னோ நகர்த்திப் பாருங்கள். முன்சுவரிலிருந்தோ பின்சுவரிலிருந்தோ மொத்த நீளத்தில் 38 சதவீதத் தொலைவு நல்ல தொடக்கப்புள்ளி. 14 அடிக்கு அது ஐந்தேகால் அடி சொச்சம். அங்கிருந்து காதை நம்பி அரை அடி அரை அடியாக மாற்றிக்கொள்ளலாம்.

*பெட்டி தப்பான இடத்தில் இருக்கிறதா?* இருக்கையை நகர்த்த முடியாத வீடுகளில் நான் செய்வது இதுதான். இரண்டு பேர் சேர்ந்து சப்வூஃபரைத் தூக்கி, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலேயே வையுங்கள். பேஸ் கிட்டார் ஏறி இறங்கி வாசிக்கும் பாட்டு ஒன்றை ஓடவிடுங்கள். பிறகு பெட்டியை வைக்க வாய்ப்புள்ள இடங்களில் எல்லாம் தரையோடு தவழ்ந்து, காதைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வைத்துக் கேளுங்கள். எங்கே ஒவ்வொரு சுரமும் ஒரே அளவில், தனித்தனியாகக் கேட்கிறதோ அதுதான் பெட்டிக்கான இடம். அதிகமாக அதிரும் இடத்தைத் தேர்ந்துவிடாதீர்கள், அது அநேகமாக மூலையாகத்தான் இருக்கும். பார்க்க விநோதமாக இருந்தாலும் இந்தச் சோதனைக்கு நிகராக, காசு செலவில்லாமல் வேறொன்றும் கிடையாது.

*சுவரிலிருந்து 4, 5 அடி இழுத்து வைத்திருக்கிறீர்களா?* பெட்டியிலிருந்து சுவருக்குப் போய்த் திரும்பும் ஒலி நேர் ஒலியை அடித்துவிடும். 4 அடியில் ஏறக்குறைய 71 ஹெர்ட்ஸிலும் 5 அடியில் 57 ஹெர்ட்ஸிலும் பள்ளம் விழும், அதாவது அந்த ஒலி மட்டும் குறைந்துபோகும். சப்வூஃபரைச் சுவரிலிருந்து ஓரடிக்குள் வைப்பதே பாதுகாப்பு. மூன்றடி வரை போனாலும் பள்ளம் 90 ஹெர்ட்ஸுக்கு மேலே போய்விடும், அது சப்வூஃபரின் வேலைப்பகுதி அல்ல.

இத்தனைக்குப் பிறகும் ஒரு நாற்காலிக்குச் சரியாகி அடுத்த நாற்காலிக்குக் கெட்டால், இரண்டாவது சப்வூஃபர்தான் வழி. இரண்டையும் எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைத்தால் இருக்கைக்கு இருக்கை வேறுபாடு வெகுவாகக் குறையும். ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் டாட் வெல்டி 2002இல் வெளியிட்ட ஆய்விலும் இந்த அமைப்பு நன்றாகத் தேறியது. செலவு அதிகம் என்பதால் இதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 2: எந்தப் பாட்டு போட்டாலும் ஒரே ‘பூம்... பூம்...’

தவிலும் கிக் டிரம்மும் பேஸ் கிட்டாரும் ஒரே குரலில் கேட்கிறதென்றால் அறை ஏதோ ஒரு சுரத்தைத் தூக்கிக் காட்டுகிறது. டோன் ஜெனரேட்டரில் மெல்ல நகர்த்தி எந்த எண்ணில் வீங்குகிறது என்று பிடித்து, உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். நீளமா, அகலமா, உயரமா, யார் குற்றவாளி என்று தெரிந்துவிடும்.

*சோஃபாவை இழுங்கள்.* பின்சுவரோடு தலை ஒட்டியிருந்தால் நீளவாக்கு வீக்கங்கள் எல்லாம் அங்கே உச்சத்தில் இருக்கும். ஒன்றரை அடி முன்னால் வந்தாலே பாதி தீர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

*மூலையிலிருந்து எடுங்கள்.* தரை ஒன்று, சுவர்கள் இரண்டு என மூன்றும் சேர்ந்து ஒலியை முட்டுக்கொடுத்து ஏற்றும் இடம் மூலை. சிறிய பெட்டிக்கு அது உதவி. 10 அங்குல, 12 அங்குலப் பெட்டிக்குத் தேவையே இல்லை. நீளவாக்கில்தான் வீங்குகிறது என்றால் நீளச் சுவர் வழியாக, அறையின் பாதியை நோக்கி நகர்த்துங்கள். அகலவாக்கில் என்றால் முன்சுவரின் நடுப்பகுதிக்குக் கொண்டுவாருங்கள்.

*உயரம் குற்றவாளியா?* சப்வூஃபரைத் தூக்கி வைப்பது உண்மையிலேயே வேலை செய்யும் இடம் இது. அளவு தெரியாமல் தூக்கினால் பயன் கிடையாது. பத்தடி உயர அறையில் உயரத்தின் வீக்கம் 57 ஹெர்ட்ஸ். ஊஃபரின் மையம் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு ஏறினால் அதில் குறைவது ஏறத்தாழ 1 டெசிபல்தான், காது அதைக் கவனிப்பதே அரிது. ஊஃபரின் மையம் 4 அடிக்குப் போனால் அதே வீக்கம் 10 டெசிபல் அளவுக்கு விழுகிறது, ஐந்தடியில் கிட்டத்தட்ட எழுவதே இல்லை. அதாவது அரைகுறையாக உயர்த்துவது வீண், உயர்த்தினால் அறையின் நடு உயரத்தை நெருங்க வேண்டும்.

10க்கு 10 அறை, உயரமும் 10 அடி என்றால் நிலைமை இன்னும் மோசம். மூன்று வீக்கங்களும் ஒரே 57 ஹெர்ட்ஸில் குவிகின்றன. நம் ஊர்ப் படுக்கையறைகளில் பல இந்த அளவுதான். அங்கே பெட்டியை முன்சுவரின் நடுவுக்குக் கொண்டுவந்து, கூடவே நாலடி உயர்த்தினால் மூன்றில் இரண்டை அடக்கிவிடலாம். இந்த மாதிரி அறையில்தான் நான் தயங்காமல் தூக்கச் சொல்வேன். அதற்கும் மூன்று நிபந்தனைகள் உண்டு. சுவரில் பதித்த கடப்பா கல் பலகையோ சரியாகப் போல்ட் போட்ட இரும்புத் தாங்கியோ வேண்டும், டீப்பாய் மேல் டீப்பாய் அடுக்கக் கூடாது. பெட்டி 10 கிலோவைத் தாண்டினால், குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள். கீழ்நோக்கி ஒலிக்கும் ஊஃபர் என்றால் அது தரைக்காகவே அமைக்கப்பட்டது, அவ்வளவு உயரத்துக்கு ஏற்ற வேண்டாம்.

*இன்னும் அடங்கவில்லையா?* ஆடியோசி, யமஹாவின் ஒய்பிஏஓ, டிராக் போன்ற தானியங்கி அளவீடு (மைக் வைத்து அறையின் ஒலியை அளந்து தானே சரிசெய்வது) உங்கள் ரிசீவரில் (ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயர்) இருந்தால், இடம் முடிவான பிறகு ஓட்டுங்கள், அதற்கு முன்பு ஓட்டிப் பயனில்லை. அது வீக்கத்தை வெட்டும். ஆனால் பள்ளத்தை நிரப்பாது, அதற்கு இடமாற்றம்தான் மருந்து. ரிசீவர் இல்லாதவர்கள் கணினியில் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளையும் அளவீட்டு மைக் ஒன்றையும் வைத்துப் பார்க்கலாம். அந்த வளைகோட்டைப் படிக்கத் தெரியாவிட்டால் ஒரு நாள் கட்டணத்துக்கு அளவீடு செய்பவரை அழைப்பது, புதுப் பெட்டி வாங்குவதைவிட மலிவு.

அறிகுறி 3: ஸ்டூலில் ஏற்றிய பிறகு பேஸ் மெலிந்துவிட்டது

முதலில் ஊஃபர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குனிந்து பாருங்கள். கீழ்நோக்கியது என்றால், ஓட்டை வைத்த ஸ்டூலோ கம்பி ஸ்டாண்டோ அடியில் இருந்து பயனில்லை. அகலமான, கெட்டியான பலகை வேண்டும். கிரானைட் கடையில் வெட்டி மிஞ்சிய துண்டு போதும். கனமான கம்பளத்தின் மேல் வைத்தாலும் இதே தொல்லை. பெட்டியின் கால்கள் அமுங்கி ஊஃபரின் வாய் அடைபடும்.

முன்னோக்கிய பெட்டி என்றால், தூக்கும்போது பின்னாலும் நகர்ந்திருக்கும், திசையும் மாறியிருக்கும். பெரும்பாலும் குறைந்ததற்குக் காரணம் அந்த நகர்வுதான், உயரம் அல்ல. பழைய இடத்தில் சாக்பீஸால் குறியிட்டு, அதே புள்ளிக்கு நேர் மேலே வைத்து மறுபடி கேளுங்கள். அப்போதும் மெலிந்தே இருந்தால் இறக்கிவிடுங்கள். உங்கள் அறைக்குத் தரைதான் பொருந்துகிறது.

அறிகுறி 4: பேஸ் தனியாக, பாட்டு தனியாக ஒலிக்கிறது

இருக்கையில் ஒருவர் உட்காரட்டும். 80 ஹெர்ட்ஸ் ஒலியை ஸ்பீக்கரும் சப்வூஃபரும் சேர்ந்து ஒலிக்கும்படி ஓடவிட்டு, சப்வூஃபரின் பின்னால் உள்ள ஃபேஸ் சுவிட்சை 0க்கும் 180க்கும் மாற்றுங்கள். எதில் சத்தம் கூடுகிறதோ அதுவே சரி. இரண்டிலும் வித்தியாசமே தெரியவில்லை என்றால் பின்வருபவற்றைப் பாருங்கள்.

ரிசீவரில் ஸ்பீக்கர்களை ‘ஸ்மால்’ என்று வைத்து கிராஸ்ஓவரை (எந்த எண்ணுக்குக் கீழே ஒலி சப்வூஃபருக்குப் போகிறது என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் விடுங்கள். தானியங்கி அளவீடு சில நேரம் ‘லார்ஜ்’ என்று மாற்றிவிடும், நீங்கள் கையால் திருத்தலாம். சப்வூஃபரில் உள்ள கிராஸ்ஓவர் திருகை முழுவதும் மேலே ஏற்றிவிடுங்கள். இரண்டு இடத்தில் வடிகட்டினால் நடுவில் ஓட்டை விழும். ரிசீவர் இல்லாமல் நேரடியாக இணைத்திருப்பவர்கள் மட்டும் அந்தத் திருகைப் பயன்படுத்த வேண்டும்.

அளவீட்டுக்குப் பிறகு சப்வூஃபரின் தூரம் டேப்பில் அளந்ததைவிடக் கூடுதலாகக் காட்டினால் பதறாதீர்கள். பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றின் தாமதத்தையும் சேர்த்துத்தான் ரிசீவர் அப்படிக் கணக்கிடுகிறது. டேப் அளவுக்கு அதைத் ‘திருத்தி’, சரியாக இருந்ததைக் கெடுத்த வீடுகள் நிறைய.

பேஸ் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று கண்ணை மூடினாலும் தெரிகிறதா? சின்னஞ்சிறு சாட்டிலைட் ஸ்பீக்கர் கொண்ட செட்களில் கிராஸ்ஓவர் 120, 150 ஹெர்ட்ஸ் வரை மேலே இருக்கும். ஆண் குரலின் அடிப்பகுதியே பெட்டியிலிருந்து வரும். அங்கே சப்வூஃபரைப் பின்னாலோ பக்கவாட்டிலோ ஒளிக்க முடியாது. டிவிக்கு அருகில் முன்பக்கமே வையுங்கள்.

அறிகுறி 5: பேஸோடு சேர்ந்து வீடே கடகடக்கிறது

பெட்டிக்குள் கோளாறு என்று நினைத்துக் கழற்றும் முன் சுற்றிலும் தேடுங்கள். 30லிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மெல்ல நகர்த்தி, கடகடப்பு வரும் எண்ணில் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பொருளாகக் கையால் அழுத்துங்கள். அழுத்தினதும் நின்றால் அதுதான். நான் அதிகம் பிடித்தவை: இரும்பு பீரோவின் கதவும் அதில் தொங்கும் சாவிக்கொத்தும், ஷோகேஸ் கண்ணாடி, ஜன்னல் கொண்டி, ஏசியின் காற்றுத்தகடு, ஜிப்சம் சீலிங்கில் பதித்த விளக்குகளின் கிளிப். கண்ணாடிக்கு ஃபெல்ட் துண்டு, கொண்டிக்கு ரப்பர் வாஷர், பழைய மரச்சட்டத்தில் உதிர்ந்த லப்பத்துக்குப் புது லப்பம். சீலிங்குக்குள்ளேயே சட்டம் தளர்ந்திருந்தால் போட்டவரையே கூப்பிடுங்கள், நீங்கள் ஏறித் தள்ளினால் பலகை விரியும்.

பெட்டி டைல்ஸ் மேல் நகர்ந்து நகர்ந்து ஆடினால் நான்கு காலுக்கும் ரப்பர் வேண்டும். வாஷிங் மெஷினுக்கு அடியில் வைக்கும் ரப்பர் பாதங்கள் நன்றாகவே பொருந்தும்.

கீழ்வீட்டுக்காரர் புகார் சொன்னாலும் முதலில் இந்த ரப்பரைப் போடுங்கள். ஆனால் அளவாக எதிர்பாருங்கள். பெட்டியின் நடுக்கம் தளத்தில் இறங்குவதை மட்டும் ரப்பரும் ஃபோமும் குறைக்கும், காற்றின் வழி போகும் கனத்த ஒலியை நிறுத்தாது. மூலையிலிருந்தும் பொதுச் சுவரிலிருந்தும் விலக்குவது, இரவில் ரிசீவரின் நைட் மோடைப் போடுவது, சப்வூஃபரின் அளவை 3 டெசிபல் குறைப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அவர்கள் தூங்குவார்கள். அடுத்தவர் தூக்கத்தைவிட நம் படம் பெரிதல்ல.

அறிகுறி 6: பாட்டு நின்றாலும் ‘ம்ம்ம்...’ என்ற இரைச்சல்

சப்வூஃபருக்கு வரும் சிக்னல் வயரை உருவுங்கள். அப்போதும் இரைந்தால் கோளாறு பெட்டிக்குள்: உள்ளே உள்ள கெப்பாசிட்டர் உப்பியிருக்கலாம். பிரித்துப் பார்க்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும். டெக்னீஷியனிடம் கொடுங்கள்.

உருவியதும் நின்றால் மின் இணைப்பில் சிக்கல். செட்டாப் பாக்ஸிலிருந்து கேபிள் அல்லது டிஷ் வயரைக் கழற்றிப் பாருங்கள், பல வீடுகளில் அதோடு தீர்ந்துவிடும். தீராவிட்டால் டிவி, ரிசீவர், சப்வூஃபர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள். சிக்னல் வயரைக் கரண்ட் வயரோடு கட்டி வைத்திருந்தால் பிரித்துவிடுங்கள்.

எர்த் பின்னை உடைத்தோ இரண்டு முள் அடாப்டரில் செருகியோ இரைச்சலை நிறுத்துவது எங்கும் நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள், உலோகப் பரப்பில் மின்சாரம் கசிந்தால் தொட்டவர் உயிருக்கே ஆபத்து. ரிசீவரைத் தொடும்போது சுருக்கென்றாலோ டெஸ்டர் ஒளிர்ந்தாலோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழைத்து வீட்டின் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அறிகுறி 7: புஸ்ஸென்ற காற்று, கரகரப்பு, அல்லது அறவே மௌனம்

காற்றுச் சத்தம் என்றால் பெட்டியின் காற்றுத்துளை சுவரை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், ஆறு அங்குலம் விடுங்கள். டார்ச் அடித்து உள்ளேயும் பாருங்கள். கரப்பானும் பல்லியும் குடியேறும் இடம் அது, சின்னக் குழந்தை இருந்தால் பொம்மையும் பேனாவும் கிடைக்கும். எல்லாம் சுத்தமாக இருந்து, அதிகச் சத்தத்தில் மட்டும் புஸ்ஸென்றால் பெட்டியின் சக்திக்கு மேல் கேட்கிறீர்கள்.

கரகரப்புக்கு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஊஃபரின் கோனை இரு கை விரல்களாலும் சமமாக, மிக மெல்ல உள்ளே அழுத்துங்கள். உரசும் சத்தம் கேட்டால் காயில் கோணிவிட்டது. சுற்றியுள்ள ஃபோம் வளையம் பொடிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கடற்கரை ஊர்களின் ஈரப்பதத்தில் அது சீக்கிரம் உதிரும், ரப்பர் வளையம் நிலைக்கும். வளையம் மட்டும் போயிருந்தால் ஸ்பீக்கர் ரிப்பேர் கடையில் மாற்றித் தருவார்கள், புது ஊஃபர் வாங்க அவசரப்பட வேண்டாம்.

மௌனத்துக்கு வரிசை இதுதான். விளக்கு எரிகிறதா? ‘ஆட்டோ’ சுவிட்சை ‘ஆன்’ செய்தால் பேசுகிறதா? குறைந்த சத்தத்தில் ஆட்டோ பல பெட்டிகளைத் தூங்கவிடும், இரவுப் படத்தின் நடுவில் பேஸ் நின்றுபோவதற்கு இதுவே வழக்கமான காரணம். ரிசீவர் மெனுவில் சப்வூஃபர் ‘யெஸ்’ என்று இருக்கிறதா? வேறு சிக்னல் வயர் போட்டால்? பின்னால் உள்ள ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில் ஒருமுறை மட்டும் மாற்றுங்கள். மறுபடி போனால் பெரிய ஃபியூஸோ கம்பியோ போட்டு ஓட்டாமல் டெக்னீஷியனிடம் எடுத்துச் செல்லுங்கள். ஆம்ப்ளிஃபயர் போர்டு போய்விட்டதா, ஊஃபர் காயில் போய்விட்டதா என்று தனித்தனியாகச் சோதித்துச் சொல்லக் கேளுங்கள். மல்டிமீட்டரில் 4 ஓம் ஊஃபர் 3 முதல் 4க்குள் காட்டினால் காயில் அறுபடவில்லை, பெரும்பாலும் போர்டை மட்டும் பழுது பார்த்தால் போதும்.